விதைநெல்லை விற்று ஒரு ஹீரோவை வாங்கலாமா? - டென்வர் ரசிகர்களின் தீராத சண்டை

ரவீந்திர ஜடேஜாவைக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கலாமா? 2025 நவம்பரில் சி.எஸ்.கே ரசிகர்கள் தூக்கம் தொலைத்த கேள்வி இது. டீக்கடை, ஆபீஸ் கேன்டீன், குடும்ப வாட்ஸ்அப் குரூப் என எல்லா இடத்திலும் இரண்டு கட்சி. 'எதிர்காலத்துக்கு நல்லது' என்றது ஒன்று. 'நம்ம ஆளை எப்படிக் கொடுக்க மனசு வந்தது?' என்றது இன்னொன்று.

இதே சண்டையை வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்த ஓர் ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. கொலராடோ மாகாணத்தின் டென்வர். கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரத்தில் இருக்கும் மலையோர நகரம். அங்கே விளையாட்டு என்றால் அமெரிக்க ஃபுட்பால். அணி, ஆரஞ்சு ஜெர்சி அணியும் டென்வர் பிராங்கோஸ். 1970 முதல் இந்த அணியின் சொந்த ஊர் ஆட்டங்களுக்கு டிக்கெட் மிச்சமானதே இல்லை என்பது அந்த ஊர்க்காரர்களின் பெருமை.

அந்த ஊரின் ஒரே கேள்வி: வெளியிலிருந்து ஒரு பெரிய குவார்ட்டர்பேக்கை வாங்க வேண்டுமா, வேண்டாமா?

யார் இந்த குவார்ட்டர்பேக்?

அமெரிக்க ஃபுட்பாலில் பெரும்பாலும் கைக்குத்தான் வேலை. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், அல்லது ஓடிக்கொண்டிருக்கும் சக வீரருக்கு எறிய வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன்.

தாக்குதலின்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எறியாமல் ஓடிவிடலாமா என்பதை இரண்டு மூன்று விநாடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் 130 கிலோ எடையுள்ள நான்கைந்து பேர் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். கிரிக்கெட்டில் கேப்டன், ஓப்பனர், ஃபினிஷர் மூன்றையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு வேலை. அணியில் 53 பேர் இருந்தாலும் ஊர் பேசுவது இந்த ஒருவரைப் பற்றித்தான்.

நல்ல குவார்ட்டர்பேக் கிடைப்பது அரிது. கிடைத்த அணி லேசில் விடாது. பிறகு எப்படி வாங்குவது? அங்கேதான் டிராஃப்ட் வருகிறது.

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி ஆட்டத்தை முடித்துவரும் இளைஞர்களை 32 அணிகளும் வரிசையாக நின்று தேர்வு செய்யும். மொத்தம் ஏழு சுற்றுகள். போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. இந்தத் தேர்வு உரிமைதான் ஓர் அணியின் எதிர்காலம். இதை வேறு அணிக்குக் கைமாற்றலாம். 'அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் எங்கள் முதல் சுற்று உரிமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குவார்ட்டர்பேக்கைக் கொடுங்கள்' என்று பேரம் பேசலாம்.

நம் ஊர் பாஷையில், விதைநெல்லை விற்று இன்றைக்கு விருந்து வைப்பது. விருந்து ருசித்துவிட்டால் யாரும் விதைநெல்லைப் பற்றிக் கேட்பதில்லை. ருசிக்காவிட்டால்?

ஒரு வீடு, மூன்று தலைமுறை

டென்வரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். வருடம் 2022-ன் தொடக்கம். சோபாவில் தாத்தா, அப்பா, 11 வயதுப் பேத்தி. மூன்று பேரும் ஆரஞ்சு ஜெர்சி.

தாத்தாவின் ஜெர்சியில் ஜான் எல்வே பெயர். 1983-ம் ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாக எல்வேயைத் தேர்வு செய்தது பால்டிமோர் கோல்ட்ஸ் அணி. 'அங்கே ஆட மாட்டேன், வேண்டுமானால் பேஸ்பால் ஆடப் போய்விடுவேன்' என்று எல்வே பிடிவாதம் பிடித்தார். ஒரு லைன்மேன், ஒரு மாற்று குவார்ட்டர்பேக், அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமை ஆகியவற்றைக் கொடுத்து டென்வர் அவரை வாங்கியது. மூன்று முறை சூப்பர் பௌல் வரை கூட்டிப்போய்த் தோற்ற எல்வே, 1998 ஜனவரியிலும் 1999 ஜனவரியிலும் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். தாத்தாவைப் பொறுத்தவரை, 'வாங்கு' என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அப்பாவின் ஜெர்சியில் பெய்டன் மேனிங். கழுத்து அறுவை சிகிச்சையால் ஒரு சீசன் முழுக்க ஆடாத மேனிங்கை, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 2012-ல் விடுவித்தது. 'இனி அவ்வளவுதான்' என்று பலர் சொன்ன நேரத்தில் டென்வர் அவரை ஒப்பந்தம் செய்தது. அந்த முடிவை எடுத்தவர், அப்போது அணியின் நிர்வாகியாக இருந்த அதே எல்வே! 2013 சீசனில் 55 டச் டவுன் பாஸ்கள் எறிந்து சாதனை படைத்தார் மேனிங். 2016 பிப்ரவரியில் 50-வது சூப்பர் பௌலில் கரோலினா பேந்தர்ஸை 24-10 என வென்று கோப்பையோடு விடைபெற்றார்.

பேத்தி? அந்தக் கோப்பை வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அவளுக்கு நினைவு தெரிந்து அணி பிளே ஆஃபுக்கே போனதில்லை. மேனிங் போன பிறகு ஆறு சீசன்களில் பத்துப் பேருக்குக் குறையாமல் அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டார்கள். யாருடைய பெயரைத்தான் அவள் ஜெர்சியில் அச்சடிப்பது?

அந்த வறட்சியின் உச்சம் 2020 நவம்பர் 29. ஒரு குவார்ட்டர்பேக்குக்குக் கொரோனா. அவரோடு மாஸ்க் இல்லாமல் இருந்ததால் மற்றவர்களும் தனிமையில். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிராக ஆட அணியில் குவார்ட்டர்பேக்கே இல்லை. பயிற்சிக் குழுவில் இருந்த கெண்டல் ஹின்டன் என்ற ரிசீவர், கல்லூரியில் முன்பு அந்த இடத்தில் ஆடியவர் என்பதால், அவரை இறக்கினார்கள். எறிந்தது 9 முறை. சரியாகப் போய்ச் சேர்ந்தது 1. ஆட்டம் 31-3 எனத் தோல்வி. துணிந்து நின்றதற்காக அந்த இளைஞரை ஊரே பாராட்டியது வேறு விஷயம். 'ஒரு உருப்படியான குவார்ட்டர்பேக் வேண்டும்' என்ற ஏக்கம் அன்றைக்கு வெறியாகவே மாறிப்போனது.

'வாங்கு' கட்சியும் 'வேண்டாம்' கட்சியும்

2021-லேயே சண்டை சூடாகிவிட்டது. கிரீன் பே பேக்கர்ஸின் ஆரோன் ராட்ஜர்ஸ் டென்வர் வரப்போகிறார் என்று வதந்தி. அந்த ஆண்டு டிராஃப்டில் 9-வது இடத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் இளம் குவார்ட்டர்பேக்குகள் இருந்தும், டென்வர் தேர்வு செய்தது பேட்ரிக் சர்டைன் என்ற தடுப்பாட்டக்காரரை. 'குவார்ட்டர்பேக் இல்லாத வீட்டில் காவல்காரன் எதற்கு?' என்று பாதி ரசிகர்கள் கொதித்தார்கள்.

'வாங்கு' கட்சியின் வாதம் எளிமையானது. 'நம்மிடம் நல்ல தடுப்பாட்டம் இருக்கிறது. நல்ல ரிசீவர்கள் இருக்கிறார்கள். குறை ஒன்றே ஒன்றுதான். டிராஃப்டில் வருகிற பையன் தேறுவானா என்பது லாட்டரி. நிரூபித்துக் காட்டியவரை வாங்கினால் நாளைக்கே கோப்பைக்குப் போட்டியிடலாம். லாஸ் ஏஞ்சலஸைப் பாருங்கள்!'

அந்த உதாரணம் சக்தி வாய்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி தன் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும், இரண்டு முதல் சுற்று உரிமைகளையும், ஒரு மூன்றாம் சுற்று உரிமையையும் டெட்ராய்ட் லயன்ஸுக்குக் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபோர்டை 2021-ல் வாங்கியது. அடுத்த பிப்ரவரியிலேயே சின்சினாட்டி பெங்கால்ஸை 23-20 என வென்று சூப்பர் பௌல் கோப்பை!

'வேண்டாம்' கட்சி விடவில்லை. 'ராம்ஸிடம் எல்லாம் தயாராக இருந்தது. பயிற்சியாளர் ஷான் மெக்வே, தடுப்பில் ஆரோன் டொனால்ட், பந்தைப் பிடிக்க கூப்பர் கப். வீடு கட்டி முடித்துவிட்டு விளக்கு வாங்கி மாட்டினார்கள். நமக்கு அஸ்திவாரமே ஆடுகிறது. விளக்கு வாங்கி எங்கே மாட்டுவது?'

இரண்டு தரப்பும் சொன்னது நியாயம்தான். அதனால்தான் அந்தச் சண்டை முடியவில்லை.

அந்த செவ்வாய்க்கிழமை

2022 மார்ச் 8. 'நான் கிரீன் பேயிலேயே இருக்கிறேன்' என்று ராட்ஜர்ஸ் அறிவித்தார். டென்வர் ரசிகர்கள் முகம் தொங்கிப்போன சில மணி நேரத்தில் அடுத்த செய்தி. சியாட்டில் சீஹாக்ஸின் ரசல் வில்சன் டென்வருக்கு வருகிறார்!

வில்சனை டென்வருக்கு நன்றாகத் தெரியும். 2014 பிப்ரவரி சூப்பர் பௌலில் மேனிங்கின் டென்வரை 43-8 என்று துவைத்துக் காயப்போட்டது இவருடைய சியாட்டில்தான். பத்து சீசன் அனுபவம். ஒன்பது முறை ஆல் ஸ்டார் அணிக்கு நிகரான புரோ பௌலுக்குத் தேர்வானவர்.

விலை? இரண்டு முதல் சுற்று உரிமைகள், இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள், ஓர் ஐந்தாம் சுற்று உரிமை, கூடவே மூன்று வீரர்கள். பதிலுக்கு வில்சனும் ஒரு நான்காம் சுற்று உரிமையும்.

ஊரே கொண்டாடியது. வில்சன் பெயர் போட்ட ஆரஞ்சு ஜெர்சிகள் தெருவுக்கு வந்தன. அணியின் புதிய உரிமையாளர்கள் 465 கோடி டாலருக்குப் பிராங்கோஸை வாங்கியிருந்த நேரம் அது. செப்டம்பர் மாதம், வில்சன் டென்வருக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, மேலும் ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது அவருக்கு வயது 33.

'வேண்டாம்' கட்சிக்காரர்கள் அமைதியானார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு குறை சொல்லக் கூடாதல்லவா?

முதல் ஆட்டமே சியாட்டிலில்

2022 செப்டம்பர் 12, திங்கள் இரவு. விதியின் விளையாட்டோ, அட்டவணை போட்டவரின் விளையாட்டோ, டென்வரின் முதல் ஆட்டமே சியாட்டிலில். பத்து ஆண்டுகள் தலையில் வைத்துக் கொண்டாடிய ரசிகர்கள் வில்சனைக் கூச்சலிட்டு வரவேற்றார்கள்.

எதிர்ப்பக்கம் நின்றவர் ஜீனோ ஸ்மித். 2013-ல் நியூயார்க் ஜெட்ஸ் தேர்வு செய்த ஆள். 2015-ல் உடை மாற்றும் அறையில் சக வீரர் குத்தியதில் தாடை உடைந்தது. அத்தோடு இடமும் போனது. பிறகு ஏழு ஆண்டுகள் அணி அணியாக மாறி, பெரும்பாலும் பெஞ்சில். வில்சனுக்கு மாற்றாக சியாட்டிலில் காத்திருந்தவர். 'இவரை வைத்தா ஆடப்போகிறீர்கள்?' என்று நாடே சிரித்தது.

கடைசி நிமிடம். சியாட்டில் 17, டென்வர் 16. டென்வருக்குத் தேவை ஐந்து கஜம். கையில் டைம் அவுட் மிச்சம். களத்தில் 24.5 கோடி டாலர் வில்சன். பயிற்சியாளர் நதானியேல் ஹாக்கெட் என்ன செய்தார்? கடிகாரத்தை ஓடவிட்டார். பிறகு வில்சனை வெளியே கூப்பிட்டு, 64 கஜ தூரத்திலிருந்து ஃபீல்டு கோல் உதைக்க ஆள் அனுப்பினார். லீக் வரலாற்றிலேயே அவ்வளவு தூரத்திலிருந்து உதைத்து வென்றவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பந்து இடது பக்கம் விலகிப்போனது. ஆட்டம் முடிந்தது.

அரங்கம் 'ஜீனோ... ஜீனோ...' என்று அதிர்ந்தது. 'என்னை முடிந்துபோனவன் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் நான் பதில் எழுதவில்லை' என்ற அர்த்தத்தில் ஸ்மித் சொன்ன ஒரு வரி மறுநாள் அமெரிக்கா முழுக்கப் பரவியது.

அந்தச் சோபாவில் அமர்ந்திருந்த அப்பா ரிமோட்டை எங்கே எறிந்திருப்பார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ரசிகர்கள் எண்ணத் தொடங்கினார்கள்

அடுத்த வாரம் டென்வரில் ஆட்டம். அமெரிக்க ஃபுட்பாலில் ஒவ்வொரு நகர்வையும் குறிப்பிட்ட விநாடிகளுக்குள் தொடங்க வேண்டும். ஹாக்கெட்டின் அணி திரும்பத் திரும்பத் தாமதித்தது. பொறுமை இழந்த சொந்த ஊர் ரசிகர்களே கடிகாரத்தைப் பார்த்து 'ஐந்து, நான்கு, மூன்று...' என்று சத்தமாக எண்ணிக் காட்டினார்கள். கோபமும் கிண்டலும் கலந்த அந்தக் குரல் டி.வி-யில் தெளிவாகக் கேட்டது.

அக்டோபரில் இன்னும் மோசம். கோல்ட்ஸுக்கு எதிரான ஆட்டம் 9-9 எனச் சமநிலை. கூடுதல் நேரம் ஆட வேண்டும். வேறு ஊராக இருந்தால் யாரும் இருக்கையைவிட்டு எழமாட்டார்கள். டென்வரில் கூட்டம் கூட்டமாக வெளியே நடக்க ஆரம்பித்தார்கள்! டிக்கெட்டுக்குக் கொடுத்த காசைவிட, இதற்கு மேலும் பார்க்க வேண்டாம் என்ற நிம்மதி பெரிதாகத் தெரிந்தது. அன்றைக்கும் 12-9 எனத் தோல்வி.

அந்த சீசன் முடிந்தபோது கணக்கு இது: 17 ஆட்டங்களில் 5 வெற்றி. ஆட்டத்துக்குச் சராசரியாக 16.9 புள்ளிகள், 32 அணிகளில் கடைசி. வில்சனை எதிரணி சாய்த்தது 55 முறை. கிறிஸ்துமஸ் அன்று ராம்ஸிடம் 51-14 என்று தோற்ற மறுநாள் ஹாக்கெட்டின் வேலை போனது.

தோல்வியின் இன்னொரு வலி, முதல் சுற்று உரிமை. மோசமாக ஆடினால் அடுத்த டிராஃப்டில் முன்வரிசை கிடைக்கும் அல்லவா? அந்த ஆறுதலும் டென்வருக்கு இல்லை. 5-வது இடத்தில் தேர்வு செய்யும் உரிமை சியாட்டிலிடம் இருந்தது. டென்வர் தோற்கத் தோற்க, லாபம் சியாட்டிலுக்கு! அந்த இடத்தில் சியாட்டில் எடுத்த டெவன் விதர்ஸ்பூன் முதல் சீசனிலேயே புரோ பௌலுக்குத் தேர்வானார். சிரிக்கப்பட்ட ஜீனோ ஸ்மித் சியாட்டிலை பிளே ஆஃபுக்குக் கொண்டுபோய், மீண்டெழுந்த வீரருக்கான விருதையும் வாங்கினார்.

உள்ளதும் போன கதை என்பார்களே, அதுதான்.

விவாகரத்துக்கான விலை

2023-ல் புதிய பயிற்சியாளர் ஷான் பெய்டன் வந்தார். அவரை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து பெறவும் ஒரு முதல் சுற்று உரிமையைக் கொடுக்க வேண்டியிருந்தது. வில்சன் முன்பைவிட நன்றாகவே ஆடினார். 26 டச் டவுன் பாஸ், 8 பந்துதான் எதிரணி கைக்குப் போனது. ஆனாலும் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒப்பந்தத்தில் காயத்துக்கான உத்தரவாதத் தொகையை மாற்றச் சொல்லி அணி தன்னைக் கேட்டதாக வில்சன் வெளிப்படையாகவே சொன்னார். 2024 மார்ச் மாதம் அணி அவரை விடுவித்தது.

விடுவித்தால் கணக்கு முடிந்ததா? இல்லை. இந்த லீகில் ஓர் அணி சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று உச்சவரம்பு உண்டு. வீரர் போன பிறகும் அவருக்குக் கொடுத்த தொகை அந்தக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். வில்சன் கணக்கில் அப்படி உட்கார்ந்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சுமார் 8.5 கோடி டாலர். லீக் அதுவரை காணாத தொகை. வண்டியை விற்ற பிறகும் இ.எம்.ஐ கட்டிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும்!

வில்சன் வில்லனா? அப்படிச் சொல்வது நியாயமில்லை. வயது, முதன்முறை தலைமைப் பயிற்சியாளர், பலவீனமான காவல் வரிசை என எல்லாம் சேர்ந்தே கவிழ்த்தன. ஒரு மனிதர் மேல் ஊரின் ஆறு வருட ஏக்கத்தையும் ஏற்றி வைத்தால் தோள் எவ்வளவுதான் தாங்கும்?

கொடுக்கப்பட்டவரின் கதை

இந்தச் சண்டைகளில் யாரும் பேசாத ஒருவர் இருக்கிறார். கொடுக்கப்படுபவர்.

ஜாரெட் காஃபை எடுத்துக்கொள்வோம். 2016 டிராஃப்டின் முதல் ஆள். ராம்ஸை 2019 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வரை அழைத்துச் சென்றவர். ஆனால் ஸ்டாஃபோர்டுக்காகக் கொடுத்த மூட்டையில் அவரும் ஒரு பொருள். டெட்ராய்ட்டில் முதல் சீசனில் மூன்றே வெற்றி.

2024 ஜனவரி 14. டெட்ராய்ட்டில் பிளே ஆஃப் ஆட்டம். எதிரணி ராம்ஸ், எதிரே ஸ்டாஃபோர்ட்! 12 ஆண்டுகள் தங்களுக்காக உழைத்த ஸ்டாஃபோர்டைப் பார்த்து அந்த ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்ட காஃபின் பெயரைச் சொல்லி அரங்கமே கோஷமிட்டது. 24-23. டெட்ராய்ட்டுக்கு 32 ஆண்டுகளில் முதல் பிளே ஆஃப் வெற்றி.

ஆக, இந்த வியாபாரத்தில் ராம்ஸுக்குக் கோப்பை. டெட்ராய்ட்டுக்கு மறுவாழ்வு. வாங்கியதில் மிஞ்சிய உரிமைகளை மேலும் பேரம் பேசி, ஜாமிர் கிப்ஸ், சாம் லபோர்ட்டா போன்ற இளைஞர்களை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வீடும் சந்தோஷமாக இருக்கும் வியாபாரமும் உண்டு என்பதற்கு இது சாட்சி.

எதிர்ச் சாட்சி, நியூயார்க் ஜெட்ஸ். டென்வருக்குக் கிடைக்காத அதே ராட்ஜர்ஸை 2023-ல் வாங்கினார்கள். முதல் ஆட்டத்தில் கையில் தேசியக் கொடியோடு ஓடிவந்தார். களத்தில் நான்காவது நகர்விலேயே குதிகால் தசைநார் அறுந்து, அந்த சீசனே முடிந்தது. இதை எந்த நிபுணரால் கணித்திருக்க முடியும்?

இன்னும் கடினமான சாட்சி, கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ். 2022-ல் மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து டெஷான் வாட்சனை வாங்கி, 23 கோடி டாலர் முழு உத்தரவாதத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அவர் மீது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் புகாரோடு சிவில் வழக்கு தொடுத்திருந்த நேரம் அது. அவர் மறுத்தார், குற்றவியல் வழக்கு பதிவாகவில்லை, பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. லீக் 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. 'இவர் ஆட்டத்துக்கு என் மகளைக் கூட்டிப்போக முடியுமா?' என்ற கேள்விக்கு எந்தப் புள்ளிவிவரமும் பதில் சொல்லாது. வாங்கலாமா என்பதில் ஆட்டம், பணம் இரண்டைத் தாண்டி மூன்றாவதாக ஒரு தராசும் உண்டு என்பதை அந்த ஊர் அப்போது உணர்ந்தது.

அடுத்த முறை சண்டை வந்தால்...

இத்தனை கதைகளையும் சேர்த்துப் பார்த்தால், ரசிகர்கள் சண்டைக்கு முன் கேட்டுக்கொள்ள நான்கு கேள்விகள் கிடைக்கின்றன.

* வீடு தயாரா? பயிற்சியாளர், காவல் வரிசை, பந்தைப் பிடிப்பவர்கள் நிலையாக இருக்கிறார்களா? ராம்ஸுக்கு ஆம். டென்வருக்கு இல்லை.

* வாங்குவது அவருடைய நேற்றையா, நாளையையா? பழைய கோப்பைகளுக்காக எதிர்காலச் சம்பளம் கொடுப்பது ஆபத்து.

* தவறிப்போனால் எழுந்திருக்க ஏதாவது மிச்சம் இருக்குமா? விதைநெல் முழுவதையும் விற்காதவர்கள் அடுத்த பருவத்திலாவது விதைக்கலாம்.

* வருபவர் ஜெயித்தாலும் தோற்றாலும், அவர் பெயரைப் பிள்ளைகளின் முதுகில் எழுத மனம் ஒப்புமா?

கடைசியில் அந்த வீட்டில்?

2024 டிராஃப்டில் 12-வது ஆளாக போ நிக்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை டென்வர் எடுத்தது. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து அவருடைய ஒப்பந்தம் சுமார் 1.86 கோடி டாலர்தான். வில்சன் கணக்கில் அந்த ஓர் ஆண்டில் மட்டும் அணி சுமந்த 5.3 கோடி டாலரில் பாதிகூட இல்லை. 2025 ஜனவரி 5 அன்று, சீசனின் கடைசி ஆட்டத்தில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை 38-0 என வீழ்த்தி, மேனிங் காலத்துக்குப் பிறகு முதல்முறையாக பிளே ஆஃபுக்குள் நுழைந்தது டென்வர். அடுத்த சீசனில் 17-ல் 14 வெற்றி.

'காவல்காரன் எதற்கு?' என்று திட்டு வாங்கிய பேட்ரிக் சர்டைன், 2024-ன் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வென்றார். அன்றைக்குக் கொதித்தவர்களில் பலர் இன்றைக்கு அவர் ஜெர்சியோடு அரங்கத்துக்கு வருகிறார்கள். ரசிகர்களுக்கு மறதி ஒரு வரம்.

தாத்தா இன்னமும் 'வாங்கு' கட்சிதான். எல்வேயைப் பார்த்த கண்கள் வேறு எப்படிப் பேசும்? அப்பா இப்போது 'வேண்டாம்' கட்சி. வில்சன் ஜெர்சி அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது. பேத்திக்குப் பதினான்கு வயதாகிவிட்டது. அவளுடைய முதல் பெயர் போட்ட ஜெர்சியை அவளே தேர்வு செய்தாள். எந்தக் கட்சியும் அவளுக்கு வாங்கிக் கொடுக்கவில்லை. அவள் வளர்ந்துகொண்டிருந்தபோது அவளோடு சேர்ந்து வளர ஒருவன் வந்தான், அவ்வளவுதான்.

என்றாவது ஒருநாள் அந்தப் பெயரும் பழசாகும். அன்றைக்கு அதே சோபாவில் அவள் இரண்டில் ஒரு கட்சியில் உட்கார்ந்திருப்பாள்.

உங்கள் வீட்டில் ஜடேஜா - சஞ்சு சண்டை முடிந்துவிட்டதா, இன்னும் நடக்கிறதா?